உள்ளே முதல்வன், வெளியே யாரோ ஒருவன்

கண்டியை 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நாயக்கர் வழிவந்தவர். தென்னிந்தியாவிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தோடு சைவ ஆசாரமும் மலைநாட்டு அரண்மனைக்குள் வந்தது. ஆனாலும் நலிந்து கிடந்த பௌத்தத் துறவு மரபைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். சீயத்திலிருந்து உபாலி தேரரையும் உடன் பிக்குகளையும் வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதை என்னும் முழுத் துறவேற்புச் சடங்கை 1753இல் மீண்டும் தொடக்கிவைத்தார். அவருடைய ஆட்சியின் பிற்பகுதியில், 1777-78 அளவில், ஹீனட்டிகும்புரே சுமங்கலர் என்ற பிக்கு ஒரு பாளி நூலைச் சிங்களத்தில் பெயர்த்தார். நூலின் பெயர் மிலிந்த பஞ்ஹ. ஓர் அரசன் கேட்ட கேள்விகளும் ஒரு துறவி சொன்ன விடைகளும் சேர்ந்த நூல் அது.

அதன் தொடக்கக் கேள்வியே ஆளை அசைத்துவிடும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாந்தர்தான் நூலில் வரும் மிலிந்தன். அவன் துறவியிடம் பெயர் கேட்கிறான். நாகசேனர் என்று கூப்பிடுகிறார்கள், ஆனால் அந்தப் பெயருக்குள் தனியாக ஓர் ஆள் இல்லை என்கிறார் துறவி. அரசன் விடுவதாக இல்லை. தலைமுடியா நாகசேனர்? நகமா? பல்லா? (புத்தரின் பல் ஒன்றைச் சுற்றி எழுந்த தலைநகரத்தில் இந்த இடத்தை எப்படிப் படித்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.) உணர்ச்சியா, நினைவா, எல்லாம் சேர்ந்ததா? எதற்கும் இல்லை என்பதே பதில். அப்புறம் நாகசேனர் கேட்கத் தொடங்குகிறார். அரசே, தேரில் வந்தீரே, ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, கடிவாளம் தேரா? அரசனும் எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறான். உறுப்புகள் ஒன்றுகூடும்போது தேர் என்ற பெயர் வழங்குகிறது, அவ்வளவுதான் என்று அவன் வாயாலேயே விடை வந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியை இன்று வேறொரு கோலத்தில் நாள்தோறும் சந்திக்கிறவர்கள் சேர்வர்களைப் பராமரிக்கும் கணினிப் பொறியியலாளர்கள். கண்டியிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பேராதனையில் கணினிப் பொறியியல் படிக்கும் மாணவருக்கும் இது புதிதாக இராது. அவர்கள் 'கண்டெய்னர்' என்று சொல்லும் ஒன்று உலகின் எத்தனையோ இணையச் சேவைகளைத் தாங்குகிறது. ஆனால் அதைக் கணினிக்குள் போய்த் தேடினால், மிலிந்தனின் தேரைப் போலவே, அகப்படாது.

அது செய்யும் வேலையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே இயந்திரத்தில் ஒரு கடையின் கணக்கு நிரல், ஒரு பாடசாலையின் இணையத்தளம், ஒரு மாணவரின் பரிசோதனை நிரல் மூன்றும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் மூன்று கண்டெய்னர். ஒவ்வொன்றும் முழுக் கணினியும் தனக்கே உரியது போல ஓடும்; பக்கத்தில் இருப்பவை அதன் கண்ணுக்குத் தெரியாது. முன்பு இதற்கு மெய்நிகர் இயந்திரங்களைப் பயன்படுத்தினார்கள், இன்றும் பயன்படுத்துகிறார்கள். அவை ஒவ்வொன்றும் தனி இயங்குதளத்தையும், அதன் அடிநிரலான கெர்னலையும் சுமக்கின்றன. அதனால் பாரம் அதிகம், விழித்தெழ நேரமும் அதிகம். கண்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் கிடையாது. நினைவகத்தையும் செயலியையும் வட்டையும் பங்கிட்டுக் கொடுக்கும் ஒரே லினக்ஸ் கெர்னல்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. அதனால்தான் அது ஒரு நொடிக்குள் எழுகிறது, அடுத்த நொடியில் மறையவும் முடிகிறது.

இது ஒரே நாளில் பிறந்த யோசனை இல்லை. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்புக்காக 'சிஎச்ரூட்' என்ற அழைப்பு எழுதப்பட்டது. ஒரு நிரலுக்குக் கோப்புமரத்தின் ஒரு கிளையைக் காட்டி, அதுதான் வேர் என்று நம்பவைப்பது அதன் வேலை. 2000ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 'ஜெயில்' என்ற ஏற்பாட்டோடு வந்தது. லினக்ஸில் 2002இல் தொடங்கி ஒவ்வொன்றாக 'நேம்ஸ்பேஸ்'கள் சேர்ந்தன. ஒரு நிரல் எந்தக் கோப்புகளைக் காணலாம், எந்த நிரல்களைக் காணலாம், எந்த வலையைக் காணலாம் என்று பார்வையை வரையறுப்பவை அவை. எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலிநேரம் எடுக்கலாம் என்று பங்கை வரையறுக்கும் 'சிகுரூப்' ஏற்பாட்டை 2006இல் கூகுளின் போல் மெனாஜும் ரோஹித் சேத்தும் தொடங்கினார்கள். 2008இல் அது லினக்ஸில் சேர்ந்தது. இவற்றையெல்லாம் ஒரே கட்டளையில் கைக்கு எட்டவைத்தது சொலமன் ஹைக்ஸ் 2013 மார்ச்சில் உலகுக்குக் காட்டிய டொக்கர் என்ற மென்பொருள்.

இப்போது நாகசேனரின் விசாரணையை இங்கே நடத்தலாம். கோப்புகளைப் பிரிக்கும் நேம்ஸ்பேஸ் கண்டெய்னரா? இல்லை, அது வெறும் பார்வை எல்லை. சிகுரூப் கண்டெய்னரா? அது ஒரு பங்குக் கணக்கு. உள்ளே ஓடும் நிரல் கண்டெய்னரா? அது மற்ற நிரல்களைப் போன்ற ஒரு நிரல்தான், கெர்னலின் பட்டியலில் எல்லாவற்றோடும் ஒன்றாகவே நிற்கிறது. டொக்கர் கண்டெய்னரா? அதை அணைத்து வைத்தாலும் கண்டெய்னரை வேறு வழியில் உருவாக்கலாம். லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் நிரலுக்கென்று ஓர் அமைப்பு உண்டு, நேம்ஸ்பேஸுக்கென்று உண்டு, சிகுரூப்புக்கென்று உண்டு. கண்டெய்னர் என்ற பெயரில் ஒரு பொருள் அதில் இல்லை. உறுப்புகள் ஒன்றுகூடும்போது நாம் இடும் பெயர் அது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு வாதம் இவ்வளவு பிசகில்லாமல் பொருந்தும் இடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இன்னும் ஆழமான ஒரு விந்தை இலக்கங்களில் இருக்கிறது. ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கெர்னல் ஓர் இலக்கம் கொடுக்கும். கண்டெய்னருக்குள் முதலில் எழும் நிரல் தன் இலக்கத்தைக் கேட்டால், 1 என்று பதில் வரும். யுனிக்ஸ் உலகில் 1 என்பது மற்றெல்லா நிரல்களுக்கும் மூதாதை. அதே நிரலை அதே கணத்தில் வெளியிலிருந்து பார்த்தால் அதன் இலக்கம் 18,734 ஆகவோ வேறு ஏதோவாகவோ இருக்கும். ஆயிரக்கணக்கான நிரல்களுக்கு நடுவே யாரோ ஒன்று. இரண்டில் எது அதன் உண்மையான இலக்கம்? இரண்டும்தான். அதிகாரத்திலும் இதே கதை. உள்ளே 'ரூட்' என்ற முழு அதிகாரம் பெற்ற பயனர், வெளியே எந்த உரிமையும் இல்லாத ஒரு சாதாரணப் பயனராக இருக்கும்படி அமைக்கலாம். உள்ளே அரசன் என்பது பொய் இல்லை. அந்த எல்லைக்குள் அவன் ஆணை செல்லத்தான் செய்கிறது. ஆனால் அந்த அரசுரிமை ஒரு பார்வைக் கோணத்தோடு கட்டுண்டது. நான் என்று ஒவ்வொருவரும் உணர்வதும் இப்படிப்பட்டதுதானா என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆள் இல்லை என்ற போதனையை ஒன்றுமே இல்லை என்று புரிந்துகொள்வது பழைய பிழை. அந்தப் பிழையை விலக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் கண்டியிலேயே வாழ்ந்தார். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து பிக்குவான ஞானபோனிக தேரர், புத்தரின் பல்லைப் பேணும் தலதா மாளிகைக்குப் பின்னால் ஏறிச்செல்லும் உடவத்தகலைக் காட்டின் ஆசிரமத்தில் பல பத்தாண்டுகள் இருந்தார். 1958இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய பௌத்த வெளியீட்டுச் சங்கம், கண்டி வாவியை ஒட்டிய சங்கராஜ மாவத்தையிலிருந்து சிறு நூல்களை உலகெங்கும் அனுப்பியது. ஆள் இல்லை என்னும் இந்த அனாத்தக் கோட்பாட்டின் இரு பக்கக் குழிகளையும் அவை திரும்பத் திரும்பக் காட்டின. ஒன்று, மாறாத ஓர் ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்பது. மற்றது, எதுவுமே நடக்கவில்லை என்பது. கண்டெய்னரைப் பார்த்தால் இது விளங்கும். பொருளாக அது இல்லை; ஆனால் கணக்கு ஓடுகிறது, கோரிக்கை வருகிறது, பதில் போகிறது. பெயருக்கு அப்பால் பொருள் இல்லாவிட்டாலும் செயல் உண்டு.

பேராதனையில் மெய்யியல் கற்பித்த கே. என். ஜயதிலக்க கேம்பிரிட்ஜில் மெய்யியலாளர் விட்கென்ஸ்டைனின் வகுப்புகளில் இருந்தவர். ஆதி பௌத்தத்தின் அறிவுக் கொள்கை பற்றி 1963இல் வெளிவந்த அவருடைய நூல், புத்தரின் அணுகுமுறையை அனுபவச் சோதனையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒன்று இங்கே உண்டு: உள்ளே இருக்கும் நிரல், தான் உள்ளே இருப்பதை அறிய முடியுமா? ஜாவா மொழிக்கு நேர்ந்தது நல்ல சான்று. பல ஆண்டுகள் ஜாவா நிரல்கள் கண்டெய்னருக்குள் எழுந்தவுடன், இயந்திரத்தில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே நம்பின. கெர்னல் காட்டியதோ முழு இயந்திரத்தின் அளவை. கண்டெய்னருக்கு ஒதுக்கியது அதில் ஒரு சிறு பங்கு. நிரல் தன்னிடம் பெருஞ்செல்வம் இருப்பதாக எண்ணிச் செலவழிக்கும். எல்லையைத் தாண்டிய கணத்தில் கெர்னல் அதைக் கொன்றுவிடும். 2018 மார்ச்சில் வந்த ஜாவா 10, சிகுரூப்பின் எல்லையையும் படித்தறியும் திறனோடு வந்தது. தன் எல்லையைத் தானே சோதித்து அறியலாம், அறிந்தால் பிழைக்கலாம் என்பதை இவ்வளவு நேராகக் காட்டும் நிகழ்ச்சி மெய்யியல் வகுப்புகளில் இடம்பெறத் தகுந்தது.

மரணத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் கண்டெய்னர்கள் சாவதற்கென்றே எழுப்பப்படுகின்றன. அவை எழுவது 'இமேஜ்' என்ற உறைந்த அச்சிலிருந்து. அச்சைத் திருத்த முடியாது. ஓடும்போது நேரும் மாற்றங்கள் மேலே ஒரு மெல்லிய அடுக்கில் பதியும். கண்டெய்னரை நீக்கினால் அந்த அடுக்கும் போய்விடும். போகக்கூடாதவற்றை வெளியே 'வொலியூம்' என்ற தனிச் சேமிப்பில் வைப்பார்கள். பழையது அழிந்து, அதே அச்சிலிருந்து புதியது எழுந்து, அதே வொலியூமை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இது பழைய கண்டெய்னரா, வேறொன்றா? மிலிந்தனும் மறுபிறவி பற்றி இதைத்தான் கேட்டான். அவனும் இல்லை, வேறொருவனும் இல்லை என்பது நாகசேனரின் நிலை. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றும்போது, முதல் விளக்கை விட்டு எதுவும் கிளம்பிப் போவதில்லை, ஆனாலும் இரண்டாவது சுடருக்கு முதலாவதே காரணம் என்று அவர் விளக்கினார். வொலியூமில் தங்கிய கணக்குகளைச் செய்தவன் போய்விட்டான். விளைவை எடுத்து நடத்துகிறவன் புதியவன்.

இங்கே ஒப்புமை நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கண்டெய்னருக்கு வலிப்பதில்லை. நாகசேனர் தேரைப் பிரித்தது ஒரு புதிருக்காக அல்ல, ஆள் என்ற பற்றினால் வரும் துன்பத்தை நீக்குவதற்காக. அந்த நோக்கத்தை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது மூளைப் பயிற்சி. ஆனாலும் வடிவம் சரியா என்று சோதிக்க வலி இல்லாத ஓர் உதாரணம் கிடைத்திருப்பது சிறிய பேறு இல்லை. தன் விஷயத்தில் எவராலும் நடுநிலையோடு பார்க்க முடியாததை இங்கே பதற்றமில்லாமல் பார்க்கலாம்.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வரும் ஒரு சைவர் இதைக் கேட்டால், வேறு பக்கத்திலிருந்து தொடங்குவார். கட்டுகளெல்லாம் கழன்றாலும், கட்டுண்டவன் ஒருவன் இருக்கிறானே என்பார். மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் நிறுவிய சைவ சித்தாந்தம் உயிரை மெய்ப்பொருள் என்றே கொள்கிறது. எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடுவது உயிரின் இயல்பு. ஆணவம் அதன் அறிவை மறைக்கிறது. மாயையிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் உயிருக்குக் கிடைக்கின்றன: உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி. ஒரு கண்டெய்னர் நிரலுக்குக் கொடுப்பவற்றை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் வியப்பு வரும். இருக்க நினைவகம், இயங்க நூலகநிரல்கள், காணக் கோப்புமரம், துய்க்க ஒதுக்கிய பங்கு. இவை கட்டுகளும்தான், அறிவு விளங்குவதற்கான உதவிகளும்தான் என்று சித்தாந்தம் சொல்வதும் பொருந்துகிறது. இவை இல்லாமல் நிரலால் ஒரு படிகூட நகர முடியாது.

அத்வைதிகள் காலங்காலமாகக் காட்டும் உவமை குடத்துக்குள் இருக்கும் ஆகாயம். குடம் உடைந்தால் உள்ளாகாயமும் வெளியாகாயமும் ஒன்று, முன்பும் ஒன்றாகவே இருந்தன. கண்டெய்னருக்கு இதுதான் மிகப் பொருத்தம் என்று முதற்பார்வையில் தோன்றும். கெர்னல் ஒன்றுதானே, பிரிவு தோற்றம்தானே? ஆனால் நேம்ஸ்பேஸ்களை நீக்கிவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நிரல் முழு இயந்திரத்தையும் காணும். ஆனால் அது கெர்னல் ஆகிவிடாது. மறைப்பு நீங்கிய பிறகும் அது நிரலாகவே, கெர்னலைச் சார்ந்தே ஓடும். முத்தியில் உயிர் இறைவனோடு இரண்டறக் கலந்தாலும் இறைவன் ஆகிவிடுவதில்லை, திருவடியில் நிற்கிறது என்ற சித்தாந்த நிலைக்கே இது நெருக்கம். கண்டெய்னர் என்ற பெயரை விசாரிக்கையில் நாகசேனர் வெல்கிறார். அதற்குள் கட்டுண்டதை விசாரிக்கையில் மெய்கண்டார் முந்துகிறார். நாகசேனர் சும்மா விடமாட்டார். நிரலும் நினைவகப் பக்கங்கள், பதிவேடுகள், திறந்த கோப்புகள் என்று பிரியக்கூடியதுதானே என்று அடுத்த தேரை அவிழ்க்கத் தொடங்குவார். அந்த வாதம் கண்டியில் இரு சமயத்தாரும் அருகருகே வாழ்ந்த காலமெல்லாம் நடந்திருக்கக்கூடியது, இன்னும் முடியாதது.

கெர்னலைச் சித்தாந்தம் சொல்லும் பதி, அதாவது இறைவன், என்று கொள்ளலாமா? கூடாது. பதி மலமற்றது, கெர்னலில் பிழை உண்டு. கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பழைய தொழிலாளர் லயங்களில் ஒரே கூரை நீளமாக ஓடும், அதன் கீழ் அடுத்தடுத்து அறைகள். ஓர் அறையில் தீப்பிடித்தால் கூரை வழியே வரிசை முழுவதும் பரவும். பகிர்ந்த கெர்னலும் அப்படித்தான். 2007இலிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள் கிடந்த ஒரு பிழை 2016 ஒக்டோபரில் 'டேர்ட்டி கவ்' என்ற பெயரில் வெளிப்பட்டது. கண்டெய்னருக்குள் இருக்கும் நிரல் அதன் வழியே வெளியே தப்ப முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2019 பெப்ரவரியில், கண்டெய்னர்களை எழுப்பும் 'ரன்சி' என்ற கருவியிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே ரூட்டாக இருந்த நிரல், வெளியே இருந்த அந்தக் கருவியையே மாற்றி எழுதி, இயந்திரம் முழுவதையும் கைப்பற்ற முடிந்தது.

மறுதிசையும் உண்டு, அதைப் பற்றித்தான் போதிய பேச்சு இல்லை. உள்ளிருப்பவருக்கு வெளியே தெரியாது. வெளியே, இயந்திரத்தின் ரூட்டாக இருப்பவருக்கு உள்ளே எல்லாம் திறந்தே கிடக்கிறது. ஒரு கட்டளையில் எந்தக் கண்டெய்னருக்குள்ளும் நுழையலாம், எந்த நினைவகத்தையும் படிக்கலாம். எல்லாவற்றையும் காண்பவன் அருளாளன் என்று நம்பும் சைவருக்கு அந்தப் பார்வையில் அச்சமில்லை. இங்கே காண்பவரோ சம்பளம் வாங்கும் ஒரு மனிதர், அல்லது அவருடைய கடவுச்சொல்லைத் திருடிய வேறொருவர்.

தலதா மாளிகையின் ஏற்பாடு இதற்கு நேர்மாறு. தந்ததாது ஒன்றுக்குள் ஒன்றான ஏழு பேழைகளுக்குள் இருக்கிறது. காவல் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் தலைமைப் பிக்குகளான மகாநாயக்கர்கள் இருவருக்கும், மாளிகையின் இல்லறக் காப்பாளரான தியவதன நிலமேவுக்கும் உரியது. ஒருவர் தனித்துத் திறக்க முடியாது. 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, 16 ஆண்டுகளுக்குப் பிறகு தாது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, நகரம் தாங்க முடியாத கூட்டம் மணிக்கணக்கில் வரிசையில் நின்றது. அத்தனை பேருடைய நம்பிக்கையும் நிற்பது, எவரும் தனியாக உள்ளே கைவைக்க முடியாது என்ற அந்த ஏற்பாட்டின் மேலும்தான். லினக்ஸில் 1999 முதல் ரூட்டின் அதிகாரத்தைத் துண்டுகளாகப் பிரிக்க வழி இருக்கிறது. மூவர் சேர்ந்தால்தான் திறக்கும் என்ற நிபந்தனையை அது தானாகக் கொண்டுவருவதில்லை. ஏஎம்டி நிறுவனம் 2017இல் தன் எபிக் செயலிகளில், மெய்நிகர் இயந்திரத்தின் நினைவகத்தை வெளியிலிருக்கும் ரூட்டுக்கும் விளங்காதபடி மறைகுறியாக்கும் வசதியைக் கொடுத்தது. அப்போதும் நம்ப வேண்டிய ஒருவர் மிஞ்சுகிறார், சில்லைச் செய்தவர்.

கண்டியில் ஒரு மருந்தகமோ, ஒரு தோட்டத் தொழிலாளர் சங்கமோ, ஒரு பாடசாலையோ தன் ஆட்களின் விவரங்களைப் பகிர்ந்த சேர்வர் ஒன்றின் கண்டெய்னரில் வைக்கும் நாள் வந்துவிட்டது. கையெழுத்திடும் முன் அவர்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. அடியில் இருக்கும் இயந்திரத்தின் ரூட் யார்? அவர் உள்ளே நுழைந்தால் அது எங்கே பதிவாகும்? அந்தப் பதிவை அவரே அழித்துவிட முடியுமா?